செஸ்: ஆன்லைன் ஆட்டமா, பஸிலா, கோச்சா, போட்டியா?

காய் நகர்த்தத் தெரியும். ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்தும் கேஸ்லிங் தெரியும், ஆன்பாசான் என்ற அபூர்வச் சிப்பாய் வெட்டுகூடத் தெரியும். வீட்டில் தம்பியையும் மாமாவையும் ஜெயித்துவிடலாம். ஆனால் ஆன்லைனில் உட்கார்ந்தால் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) எழுநூறுக்கும் எண்ணூறுக்கும் நடுவில் ஊஞ்சலாடுகிறது. யூடியூபில் பத்து வீடியோ பார்த்தாயிற்று, ஒரு ஆப் இறக்கியாயிற்று, பக்கத்துத் தெரு வகுப்பின் நோட்டீஸும் கையில் இருக்கிறது. மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் 2022-ல் நடந்து, 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனும் ஆன பிறகு, இந்த நோட்டீஸ்களுக்குக் குறைச்சலே இல்லை. வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அதை எங்கே போடுவது?

காய்களுக்கு ஊருக்கு ஒரு பேர் உண்டு. இங்கே மூலையில் நிற்பது யானை, அதற்கு அடுத்தது குதிரை, அதற்கும் அடுத்தது பிஷப். மற்றவை ராஜா, ராணி, சிப்பாய்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் தோற்பது ஏன் என்று பார்க்க வேண்டும். ஆயிரத்துக்குக் கீழே ஆடுபவரின் தோல்விகளை எடுத்து வைத்தால், பெரும்பாலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். காவல் இல்லாமல் ஒரு காய் நின்றது, எதிராளி வெட்டிக்கொண்டார். அல்லது எதிராளியின் காய் ஓசியில் நின்றது, நாம் பார்க்கவே இல்லை. சிசிலியன் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க வரிசை) தெரியாததால் தோற்றவர் இந்த மட்டத்தில் அபூர்வம். ஆகவே எந்த வழியையும் நாலு கேள்விகளில் உரசிப் பார்க்கலாம்.

ஒன்று, என் தவறு எனக்கு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தெளிவாகத் தெரியவருகிறது? இரண்டு, அந்த நேரத்தில் யோசிப்பது யார், நானா அல்லது திரையில் பேசுபவரா? மூன்று, மொத்தச் செலவு என்ன? கட்டணத்தோடு பயணம், காத்திருப்பு, தூக்கம் எல்லாம் சேர்த்து. நான்கு, இதை மூன்று மாதம் விடாமல் செய்ய முடியுமா? நாலில் முதலாவதுக்குத்தான் எடை அதிகம்.

| வழி | தவறு தெரிவது | யோசிப்பது | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| 3 நிமிட ஆன்லைன் ஆட்டம் | தெரியாமலே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும் | கை | தூக்கம், கெட்ட பழக்கம் |
| 15 நிமிட ஆட்டமும் அலசலும் | அன்றைக்கே | நீங்கள் | ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் |
| பஸில் (ஒரு நிலையைக் காட்டிச் சரியான மூவைக் கேட்கும் புதிர்) | உடனே | நீங்கள் | 'ஏதோ இருக்கிறது' என்ற துப்பு |
| தனிப் பயிற்சி | அடுத்த வகுப்பில், காரணத்தோடு | இருவரும் | கட்டணம், கோச்சையே நம்பியிருப்பது |
| குழு வகுப்பு | உங்கள் முறை வந்தால் | ஆசிரியர் | பயணம், முன்பணம் |
| வீடியோ, ஓப்பனிங் கோர்ஸ் | தெரியவே தெரியாது | திரையில் இருப்பவர் | கற்றுக்கொண்ட மாதிரி ஒரு நினைப்பு |
| நேரடிப் போட்டி | பலகையிலேயே, வலியோடு | நீங்கள் | ஒரு முழு நாள் |

## ஆன்லைன் ஆட்டம்: எத்தனை நிமிடம் என்பதில்தான் எல்லாம்

ஒரு ஆட்டம் நாற்பது மூவ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிமிட ஆட்டத்தில் ஒரு மூவுக்குக் கிடைப்பது நாலரை வினாடி. பத்து நிமிடத்தில் 15 வினாடி. 15 நிமிடம், மூவுக்குப் பத்து வினாடி கூடுதல் என்று வைத்தால் மொத்தம் 21 நிமிடம் 40 வினாடி, அதாவது மூவுக்கு அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். தொடக்கநிலையில் ஒவ்வொரு மூவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எதிராளி இப்போது ஆடியது எதை மிரட்டுகிறது? நான் காயை வைக்கப்போகும் கட்டத்தை யார் தாக்குகிறார்கள்? எனக்கு செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா? இதற்கு மட்டுமே பத்துப் பதினைந்து வினாடி ஓடிவிடும். நாலரை வினாடியில் இது நடக்காது. நடக்காததை நூறு ஆட்டம் ஆடினால், பார்க்காமல் ஆடும் பழக்கம்தான் நூறு தடவை பலப்படும்.

அதனால் 15+10. கிளப்பிலோ போட்டியிலோ ஆடப்போகும் வேகத்துக்கும் இதுதான் பக்கத்தில் வரும். ஆட்டத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். மீதிப் பாதி இப்படி:

முடிந்த உடனே, இன்ஜினை (மூவ்களை மதிப்பிடும் கணினி நிரலை) திறக்காமல், பத்து நிமிடம் ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். 'அட, இதை எதிர்பார்க்கவில்லையே' என்று திடுக்கிட்ட இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று போதும். பிறகு இன்ஜினைப் போடுங்கள். மதிப்பீடு இரண்டு புள்ளிக்கு மேல் தடாலென்று மாறிய மூவ்களை மட்டும் பாருங்கள். ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு சிப்பாயின் விலை. 0.4 ஆக இருந்தது 0.7 ஆனது என்பதெல்லாம் கிராண்ட்மாஸ்டர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம். ஒவ்வொரு பெரிய சறுக்கலுக்கும் நோட்டில் ஒரே ஒரு எழுத்து போடுங்கள்:

அ – காயை ஓசியில் விட்டேன்
ஆ – எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை
இ – கணக்குப் போட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன்
ஈ – நேரம் தீர்ந்தது, அவசரத்தில் ஆடினேன்

இந்த நோட்டுதான் பின்னால் எந்த வழிக்குக் காசு போடலாம் என்று சொல்லப்போகிறது. அதனால் சோம்பல்பட வேண்டாம்.

பலர் சறுக்குவது இன்ஜின் கட்டத்தில். அது எட்டு மூவ் ஆழத்தில் ஒரு வரிசையைக் காட்டும். அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மூடிவிடுவார்கள். இன்ஜின் எது சரி என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை இன்ஜின் இல்லாமல் பயிற்சி பெற்றவர் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதைக் கேட்டு இன்ஜினைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. அவருக்குப் பக்கத்தில் ஒரு கோச் இருந்தார், ஆட்டத்தை அலசிக் கொடுக்க ஆள் இருந்தது. தனியாகப் பயிலும் ஒருவருக்கு அந்த ஆள் இன்ஜின்தான். முதலில் சொந்தக் கண், பிறகு இன்ஜின் என்ற வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

எந்தத் தளம் என்று குழம்ப வேண்டாம். 2010-ல் தொடங்கிய லிசெஸ் முழுக்க இலவசம். விளம்பரம் கிடையாது, பஸிலுக்கும் அலசலுக்கும் தனிக் கட்டணமும் கிடையாது. செஸ்.காமில் ஆட்கள் அதிகம், பாடங்களும் பளிச்சென்று இருக்கும். ஆனால் இலவசக் கணக்கில் பஸிலுக்கும் ஆட்ட அலசலுக்கும் தினசரி வரம்பு உண்டு. லிசெஸ் எல்லோரையும் 1500-ல் தொடங்க வைக்கிறது. ஆகவே அங்கே 1300 இருப்பவர் செஸ்.காமில் 900 இருப்பவரிடம் பெருமையடித்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு தராசு.

இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு மூடிவிடுங்கள். மூன்றாவதை ஆடுவது மூளை அல்ல, கோபம்.

## பஸில்: சல்லிசு, ஆனால் துப்பு கொடுத்துவிடும்

கொடுக்கும் நேரத்துக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் தொடக்கநிலைக்கு இதைவிட மலிவானது எதுவும் இல்லை. தவறு செய்த அடுத்த வினாடி சிவப்பு காட்டிவிடுகிறது. லிசெஸில் தலைப்பு வாரியாக எடுக்கலாம். ஒரு மூவில் மேட் (ராஜா தப்பவே முடியாத செக்), இரண்டு மூவில் மேட், ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), பின் (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்னால் நிற்பது நகர முடியாமல் மாட்டுவது), காவலில்லாத காய் என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் பத்துக்கு எட்டு முதல் தடவையே சரியாக வரும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அதற்குமேல் போனால் யூகிக்கத் தொடங்கிவிடுவோம். 'இந்த ராணி செக்காகத்தான் இருக்கும்' என்று விரல் முந்தினால் அது பஸில் இல்லை, லாட்டரி. காயைத் தொடும் முன்பு எதிராளியின் சிறந்த பதிலையும் அதற்கு நம் பதிலையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தவறியவற்றைத் தனியாக வைத்து ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள்.

பஸிலின் மறைமுகக் குறை, அதில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடுவது. ஆட்டத்தில் யாரும் மணி அடித்து 'இப்போது பார்' என்று சொல்வதில்லை. பஸில் ரேட்டிங் 1600, ஆட்ட ரேட்டிங் 850 என்று நிற்பவர்களுக்கு நோய் இதுதான். இன்னொன்று, பஸில் எப்போதும் நம்மைத் தாக்கச் சொல்கிறது. தொடக்கநிலையில் தோற்பதோ காக்கத் தெரியாமல். மருந்து சுலபம்: ஒவ்வொரு பஸிலிலும் தீர்வு தேடும் முன்பு, 'இப்போது எதிராளியின் முறை என்றால் என்ன செய்வார்?' என்று ஐந்து வினாடி கேட்டுவிடுங்கள்.

## கோச், வகுப்பு: கட்டணத்தை வகுத்துப் பாருங்கள்

குழு வகுப்பில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம். ஆசிரியர் எல்லோரையும் சமமாகக் கவனித்தாலும் ஒருவர் பங்கு ஏழரை நிமிடம். அதில் உங்கள் ஆட்டம் எத்தனை நிமிடம் பேசப்பட்டது என்பதுதான் நீங்கள் உண்மையில் வாங்கிய பொருள். பல வகுப்புகளில் அது பூஜ்யம். பலகையில் பாடம் நடக்கும், பிறகு பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஆடுவார்கள், யாரும் எழுதி வைக்க மாட்டார்கள், பெல் அடித்துவிடும். போய்வர முக்கால் மணி நேரம் தனி.

அதற்காக வகுப்பு வீண் என்று சொல்ல முடியாது. எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை தனியாக உட்கார்ந்து நோட்டு போடப்போவதில்லை. அதற்குத் தேவை எதிரே உட்கார இன்னொரு பிள்ளையும், 'தொட்டதை ஆடு' என்று சொல்ல ஒரு பெரியவரும். அங்கே குழு வகுப்புதான் முதல் தேர்வு. சேர்க்கும் முன்பு ஒரு மாதிரி வகுப்பில் உட்கார்ந்து மூன்று விஷயம் கவனியுங்கள். பிள்ளைகள் மூவ்களை எழுதுகிறார்களா? ஆசிரியர் யாருடைய சொந்த ஆட்டத்தையாவது எடுத்துப் பேசுகிறாரா? பதிலைச் சொல்கிறாரா, கேள்வியாகத் திருப்பிப் போடுகிறாரா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால், சுவரில் எத்தனை கோப்பை இருந்தாலும் ஆறு மாத முன்பணம் கட்டாதீர்கள்.

பெரியவர்களுக்கு வாராந்தர தனிப் பயிற்சி ஆரம்பத்தில் அதிகப்படி. ரேட்டிங் 800 இருக்கும் ஒருவரின் தவறுகளில் பெரும்பாலானதை இலவச இன்ஜினே காட்டிவிடும். அதற்குக் காசு கொடுப்பது, சோறு வேகிறதா என்று பார்க்க சமையல் மாஸ்டரைக் கூப்பிடுவது மாதிரி. பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம், கையில் குறிப்பெழுதிய நாலு ஆட்டங்கள் என்று போனால் அதே கட்டணத்துக்கு இரட்டிப்புப் பலன். ஆசிரியருக்குப் பட்டம் தேவையில்லை. 1600, 1800 ரேட்டிங் உள்ள பொறுமைசாலி போதும். பெரிய ஆட்டக்காரர்களில் சிலருக்கு, ஒரு குதிரை ஓசியில் நிற்பது கண்ணில் படாமல் போகும் என்பதே விளங்காது.

சில கோச்சுகள் முதல் மாதத்திலேயே ஓப்பனிங் வரிசைகளை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். வீட்டில் பிள்ளை பன்னிரண்டு மூவ் கடகடவென்று ஆடிக் காட்டும், பெற்றோருக்கும் மனம் குளிரும். பலகையில் எதிராளி மூன்றாவது மூவிலேயே வேறு வழியில் போய்விடுவான்.

## வீடியோவும் ஓப்பனிங்கும்: ஒரு சிறு சோதனை

நாலு மூவ் மேட்டை எடுத்துக்கொள்வோம். (ஈ4 என்பது ஒரு கட்டத்தின் பெயர்: ஆங்கில எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை.) வெள்ளை சிப்பாயை ஈ4-க்கு ஆடுகிறது, கறுப்பு ஈ5. வெள்ளை ராணி எச்5-க்கு வருகிறது, கறுப்பு குதிரையை சி6-க்கு எடுத்து ஈ5 சிப்பாயைக் காக்கிறது. வெள்ளை பிஷப் சி4. இப்போது கறுப்பு அசட்டையாகக் குதிரையை எஃப்6-க்கு ஆடினால், ராணி எஃப்7-ல் இறங்கி மேட். வீடியோ பார்த்த அன்றே மூன்று ஆட்டம் இப்படி ஜெயிக்கலாம்.

நாலாவது எதிராளி குதிரைக்குப் பதில் சிப்பாயை ஜி6-க்குத் தள்ளுவார். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி எஃப்7-ஐ மிரட்டும். இப்போதுதான் குதிரை எஃப்6-க்கு வரும், மிரட்டல் தீர்ந்தது. வெள்ளையின் நிலையைப் பாருங்கள். தன் குதிரை போக வேண்டிய எஃப்3 கட்டத்தில் தன் ராணியே உட்கார்ந்திருக்கிறது. கறுப்போ இரண்டு குதிரைகளையும் வெளியே எடுத்தாயிற்று. வீடியோ இங்கே முடிந்துவிட்டது. ஐந்தாவது மூவிலிருந்து என்ன செய்வது என்று அது சொல்லவில்லை.

ஓப்பனிங் கோர்ஸ்களின் நிலையும் இதுதான், மூவ் எண் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும். ஆயிரம் வரை தேவையான ஓப்பனிங் ஞானம் கைக்குள் அடங்கும். நடுச் சிப்பாய் ஒன்றை இரண்டு கட்டம் தள்ளு, குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே எடு, பத்தாவது மூவுக்குள் கேஸ்லிங் செய், ராணியைச் சீக்கிரம் அலையவிடாதே.

வீடியோவில் உருப்படியான ஒரு வகை, பேசுபவர் ஒவ்வொரு மூவுக்கும் காரணம் சொல்லிக்கொண்டே மெதுவாக ஆடும் ஆட்டம். அதையும் நிறுத்தி, உங்கள் மூவைச் சொல்லிவிட்டு, பிறகு ஓட விடுங்கள். நிறுத்தாமல் பார்த்தால் அது சீரியல்.

மனப்பாடத்துக்கு ஆசைப்பட்டால் எண்ட்கேமில், அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்தில் காட்டுங்கள். ராணியும் ராஜாவும் வைத்துத் தனி ராஜாவைப் பிடிப்பது, யானையும் ராஜாவும் வைத்துப் பிடிப்பது, ஒற்றைச் சிப்பாயை ராணியாக்குவது, இந்த மூன்றும் எல்லோருடைய ஆட்டத்திலும் வரும். சரியாக ஆடினால் ராணிக்கு அதிகபட்சம் 10 மூவ், யானைக்கு 16. லிசெஸின் பலகை எடிட்டரில் காய்களை வைத்துக் கணினியோடு ஆடிப் பாருங்கள். முதல் நாள் ஸ்டேல்மேட் நிச்சயம். எதிராளி ராஜா எச்8 மூலையில் இருக்கும்போது உங்கள் ராணியை ஜி6-ல் வைத்தால், செக்கும் இல்லை, அவருக்குப் போக இடமும் இல்லை, ஆட்டம் டிரா. மூலையில் இருக்கும் ராஜாவிடமிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை நிறுத்தாதே என்று ஒரு வரியில் ஞாபகம் வைக்கலாம்.

இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் 2024 உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்தைப் பார்க்கலாம். அப்போது சாம்பியனாக இருந்த டிங் லிரென் 55-வது மூவில் யானையை எஃப்2-ல் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டி மாற்றினார், பிஷப்பை டி5-ல் நிறுத்தி அதையும் மாற்ற வைத்தார். மீதி இருந்தது ராஜாவும் சிப்பாய்களும்தான். பட்டம் கைமாறியது அந்தக் கணக்கில்.

## போட்டி: ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தாக வேண்டும்

பள்ளிக்கூட ஹாலிலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும் ஒருநாள் ரேபிட் ஓப்பன்கள்தான் (யாரும் சேரக்கூடிய வேக ஆட்டப் போட்டிகள்) தொடக்கநிலைக்கு ஏற்றவை. ஸ்விஸ் முறை என்பதால் தோற்றாலும் வெளியே அனுப்ப மாட்டார்கள், எல்லாச் சுற்றும் ஆடலாம். உங்களைப் போலவே புள்ளி எடுத்தவர்தான் எதிரே வருவார், அதனால் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு ஆட்டம் சமமாகிவிடும். ஆன்லைனில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு: ஒரு மூவை ஆட உண்மையிலேயே பயம் வரும். அந்தப் பயம்தான் சோதனைப் பட்டியலை ஞாபகப்படுத்தும்.

செலவு, ஏழு சுற்றுக்காக காலை ஒன்பதிலிருந்து மாலை வரை. சுற்றுக்குச் சுற்று காத்திருப்பு. பிள்ளையை அழைத்துப் போனால் பெற்றோருக்கும் அதே.

முதல் போட்டியில் புள்ளியை வாங்கிப் போவது எதிராளியைவிட விதிகள்தான். தொட்ட காயை ஆட வேண்டும். கேஸ்லிங்கில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் போச்சு. காயை நகர்த்திய கையாலேயே கிளாக்கை அழுத்த வேண்டும். விதிக்குப் புறம்பான மூவ் ஆடி கிளாக்கையும் அழுத்திவிட்டால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாவது தடவை ஆட்டமே போகும். ஆன்லைனில் செக்கில் இருக்கும்போது தப்பான மூவை மென்பொருளே தடுத்துவிடும். இங்கே தடுக்க யாரும் இல்லை.

உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்குக்கு அவசரப்பட வேண்டாம். 2024 மார்ச்சிலிருந்து அதன் கீழ் வரம்பு 1400. முதல் ரேட்டிங் வர, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ஆன்லைனில் எண்ணூறில் நிற்பவர் அந்தப் போட்டிகளுக்குக் கட்டும் நுழைவுக் கட்டணத்தில், வெளியூர் என்றால் அறை வாடகையும் சேர்த்து, தனிப் பயிற்சிக்கே பல மணி நேரம் வாங்கிவிடலாம்.

## யாருக்கு எது

வேலைக்குப் போகும் பெரியவர், வாரம் நாலு மணி நேரம்: 15+10 ஆட்டம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் அலசலோடு ஒரு மணி நேரம். மீதி ஒரு மணி நேரம் பஸில். செலவு ஒன்றும் இல்லை.

ஏழு வயதுப் பிள்ளை: எழுத வைக்கும் குழு வகுப்பு, வீட்டில் யாராவது எதிரே உட்கார்ந்து நிஜப் பலகையில் ஆடுவது, இரண்டு மாதத்துக்கு ஒரு ஒருநாள் போட்டி. கையில் போனில் 3 நிமிட ஆட்டம் வேண்டவே வேண்டாம்.

மாவட்ட வயதுப் பிரிவுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்: இங்கே மட்டும் தனிக் கோச்சுக்கு முதலிலேயே காசு கட்டலாம். தேதி நெருங்கும்போது தானே தடுமாறிக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல் கிடைக்காதவர்: பஸில் மட்டும். கூடவே, நாளுக்கு ஒரு மூவ் என்று நடக்கும் கடித ஆட்டம் இரண்டு தளங்களிலும் உண்டு. பேருந்தில் யோசித்து இரவில் ஆடலாம்.

பத்து ஆட்டம் முடிந்ததும் நோட்டைத் திறந்து எழுத்துகளை எண்ணுங்கள். அ, ஆ இரண்டும் சேர்ந்து பாதிக்கு மேல் என்றால் எதையும் மாற்ற வேண்டாம், அடுத்த பத்தை ஆடுங்கள். இ அதிகம் என்றால் பஸிலை இருபது நிமிடமாக்கி, இரண்டு மூவ் மேட்டிலிருந்து மூன்று மூவ் மேட்டுக்குப் போங்கள். ஈ அதிகம் என்றால் 15+10-ஐ விட்டு 30 நிமிட ஆட்டத்துக்கு மாறுங்கள். நாலு எழுத்திலும் அடங்காமல், 'என்ன தப்பு என்றே தெரியவில்லை, மெல்ல மெல்ல நெருக்கிவிட்டார்கள்' என்ற ஆட்டங்கள் சேரத் தொடங்கினால், அந்த ஆட்டங்களை எடுத்துக்கொண்டு கோச்சிடம் போங்கள்.